தசைக்குத் தந்த மாத்திரை மூளையைக் குழப்புமா?

வாசகர் கேள்விக்கு மனநல மருத்துவர் பதில்

கடலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 37 வயது. கணவருக்கு 43, லோடு வேன் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் நடந்த விபத்தில் கழுத்தில் அடிபட்டுத் தண்டுவடம் நசுங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு கம்பு ஊன்றி நடக்கிறார். ஆனால் இரண்டு கால்களும் விறைத்துக்கொள்கின்றன, இரவில் வெட்டி வெட்டி இழுக்கின்றன. அதற்காக பேக்லோஃபென் என்ற தசைத் தளர்வு மாத்திரையைத் தினம் மூன்று வேளை சாப்பிட்டுவந்தார். வேலை போய்விட்டது. பழைய நண்பர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டிப் போய்க் குடிக்க வைத்துக் கொண்டுவந்து விடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள் என்றிருந்தது, போன வருடத்திலிருந்து கிட்டத்தட்ட தினமும் என்றாகிவிட்டது.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு நாள் குழுக் கடன் தவணை பற்றி வீட்டில் வாய்த்தகராறு. மறுநாள் காலையில் எழுப்பினால் எழவில்லை. தலையணைக்குக் கீழே காலி அட்டைகள். 108 வந்தது, ஐசியூ, வென்டிலேட்டர். “ஊசியால் குத்தினாலும் அசைவில்லை, டார்ச் அடித்தால் கண்மணிகூடச் சரியாகச் சுருங்கவில்லை. மூளை போய்விட்டது என்றே நினைத்தோம்” என்கிறார். மூன்றாம் நாள் கண் திறந்து மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அன்று இரவே எல்லாம் தலைகீழ். கூரையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார், போர்வையிலிருந்து பூச்சிகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டார், குளுக்கோஸில் விஷம் கலக்கிறார்கள் என்று நர்சைத் திட்டினார். கடும் ஜுரம், கால்கள் பலகையாக விறைப்பு, ஒரு முறை வலிப்பு. கையைக் கட்டிப் போட்டார்கள். பிறகு அதே பேக்லோஃபென் மாத்திரையைத் திரும்பவும் ஆரம்பித்தார்கள். நாலைந்து நாளில் தெளிந்தார்.

இப்போது வீட்டில் இருக்கிறார். அதிகம் பேசுவதில்லை, சரியாகத் தூங்குவதில்லை. “நான் இருந்து உங்களுக்கு என்ன பிரயோஜனம்” என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். கேட்டால் “தூக்கம் வரணும்னுதான் போட்டேன்” என்கிறார். மாமியார், இது காற்று கருப்பு வேலை, அமாவாசைக்கு மேல்மலையனூர் அழைத்துப் போகலாம், மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்து என்கிறார். கொழுந்தனார், போலீஸ் கேஸ் ஆகிவிட்டது, பெண்ணின் எதிர்காலமே பாழ் என்கிறார். வாசகிக்கு ஐந்து கேள்விகள். சதைக்குக் கொடுத்த மாத்திரை மூளையை எப்படிக் கலக்கியது? அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, திரும்ப வருமா? கெடுதல் செய்த மாத்திரையையே ஏன் திரும்பக் கொடுத்தார்கள்? நிறுத்தலாமா? கேஸ் வருமா?

கடைசியில் ஒரு வரி: “குடிப்பதைப் பற்றி ஆஸ்பத்திரியில் நான் எதுவும் சொல்லவில்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொல்வதில் பயமுறுத்துவது காற்று கருப்பு அல்ல. “மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்து” என்பதுதான். எனவே மற்றதற்கெல்லாம் முன் இதைச் சொல்லிவிடுகிறேன். பேக்லோஃபெனை இன்றைக்கு இருக்கும் அளவிலேயே, அதே நேரத்துக்குக் கொடுங்கள். ஒரு வேளையும் தவறக் கூடாது, கூடவும் கூடாது. ஏன் என்பது கீழே.

தசை மாத்திரை என்ற பெயர்

தசைத் தளர்வு மாத்திரை என்றால் அது தசையில் போய் வேலை செய்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பேக்லோஃபென் தசையைத் தொடுவதே இல்லை. உங்கள் கணவரின் கால் தசையில் கோளாறும் இல்லை. கழுத்தில் தண்டுவடம் நசுங்கியதால், ‘போதும், தளர்’ என்று மேலிருந்து கால்களுக்குப் போக வேண்டிய கட்டளை சரியாகப் போய்ச் சேரவில்லை. நரம்பு மண்டலத்தில் அடக்கி வைக்கும் வேலையைச் செய்யும் ‘காபா’ என்ற ரசாயனம் உண்டு. பேக்லோஃபென் அதன் சாயலில் செய்யப்பட்ட மருந்து. தண்டுவடத்தில் காபா பொருந்தும் இடங்களில் போய் உட்கார்ந்து நரம்பின் துடிப்பை அடக்குகிறது, கால் தளர்கிறது. அதே இடங்கள் மூளையிலும் ஏராளமாக இருக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் இதை உருவாக்கியதே வலிப்பு நோய்க்கு மருந்து தேடித்தான். வலிப்புக்கு அது உதவவில்லை, கால் விறைப்புக்கு உதவியது. இன்று குடியை நிறுத்தவும் சில மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். பிரான்ஸ் நாடு 2018இல் அதற்கு அனுமதியும் தந்தது. ஆகவே தொடக்கத்திலிருந்தே இது நரம்புக்கும் மூளைக்கும் உரிய மருந்துதான். டாக்டர் எழுதிய அளவில் மூளையில் அதன் பங்கு கொஞ்சம் மயக்கம், கொஞ்சம் தலைசுற்றல் என்பதோடு நிற்கும். அளவு மீறினால் தூக்கம், குழப்பம், பிதற்றல், வலிப்பு, ஆழ்ந்த மயக்கம் என்று போகும். மூச்சும் அடங்கும். அதனால்தான் வென்டிலேட்டர்.

எத்தனை மாத்திரை என்று எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணை வேண்டுமென்றே இங்கே அச்சிடவில்லை. இதைப் படிப்பவர்களில் யாருக்கும் அது தேவைப்படாது.

கண்மணி சுருங்கவில்லை, குத்தினால் அசைவில்லை என்று நீங்கள் பார்த்தது உண்மையே. பேக்லோஃபென் அதிகமானால் அனிச்சைச் செயல்கள் எல்லாம் அடங்கி, மூளைச்சாவு போலவே தோன்றும் நிலை வரலாம். அப்படிக் கிடந்தவர்கள் மருந்து வெளியேறியதும் எழுந்து பேசியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்த மருத்துவர் இப்படிப்பட்ட நிலையில் அவசரப்பட்டு எதுவும் சொல்ல மாட்டார். “டாக்டர் வாயே திறக்கவில்லை” என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்த மௌனம் சரியான மௌனம்.

முதலில் கூடுதல், பிறகு குறைவு

உங்களைப் போட்டுக் குடைவது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன்: மூன்றாம் நாள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், இரவில் ஏன் அப்படி ஆனார்? வயிற்றைக் கழுவி விஷத்தை எடுத்த பிறகு எங்கிருந்து வந்தது அது?

நடந்தவை ஒன்றல்ல, இரண்டு. முதல் மூன்று நாள் மருந்து அளவுக்கு மீறி இருந்ததால் வந்த மயக்கம். (வயிற்றைக் கழுவியதில் அதிகம் வெளிவந்திருக்காது. இரவு போட்ட மாத்திரை காலைக்குள் ரத்தத்தில் கலந்திருக்கும். இதற்கு முறிவு மருந்து என்று ஒன்றும் கிடையாது. சிறுநீரகம் வெளியேற்றும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.) அடுத்து வந்தது நேர் எதிரானது. மூன்று வருடம் தினமும் மூன்று வேளை சாப்பிட்ட மருந்து ஐசியூவில் முழுக்க நின்றுபோயிற்று. உடம்பில் மிச்சமிருந்ததும் தீர்ந்தது. வருடக்கணக்காக அடைத்தே கிடந்த மதகை ஒரே மூச்சில் திறந்துவிட்டால் கீழே என்ன ஆகும் என்று பெருமாள் ஏரிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடங்கிக் கிடந்த நரம்புகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. ஜுரம், பலகை போன்ற விறைப்பு, வலிப்பு, கூரையில் ஆட்கள், போர்வையில் பூச்சிகள் எல்லாம் பேக்லோஃபென் திடீரென நின்றால் வரக்கூடியவை. பொதுவாக நின்ற ஓரிரு நாளில் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

“கெடுதல் செய்த விஷத்தையே திரும்பக் கொடுத்தார்கள்” என்று நீங்கள் கோபப்படுவது புரிகிறது. ஆனால் அந்த இரண்டாவது கலக்கத்துக்கு மருந்தே அதுதான். நாலைந்து நாளில் அவர் தெளிந்ததே அதற்குச் சாட்சி. விறைப்பு இருக்கும்வரை அவருக்கு அது தேவையும்கூட. பின்னாளில் குறைக்கலாம் என்று முடிவானால், டாக்டர் அளவு எழுதிக் கொடுக்க, வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கையைக் கட்டியதைப் பார்த்து நீங்கள் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். மூச்சுக்குழாயையும் ஊசியையும் பிடுங்கிவிடும் நிலையில் இருப்பவருக்குக் கொஞ்ச நேரம் அப்படிச் செய்ய நேர்வதுண்டு. ஆனால் வீட்டாருக்கு ஏன் என்று சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

பைத்தியமா?

இல்லை. உங்கள் கணவருக்கு வந்ததை நாங்கள் டெலிரியம் என்போம். மருந்து, ஜுரம், கிருமி, உப்புச்சத்துக் குறைவு என்று உடம்பில் ஏற்படும் கோளாறு மூளையைத் தற்காலிகமாகக் குழப்பும் நிலை. அதன் அடையாளங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. திடீரென வந்தது. மணிக்கு மணி மாறியது, இரவில் மோசமானது. நாள், இடம், ஆள் தெரியவில்லை. இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்தன. காரணம் சரியானதும் தானும் போய்விட்டது. மனச்சிதைவு போன்ற நோய்கள் இப்படி ஐந்து நாளில் வந்து போவதில்லை. அவற்றில் பெரும்பாலும் ஆள் தெளிவாக விழித்திருக்கும்போதே காதில் குரல்கள் கேட்கும், சந்தேகங்கள் மாதக்கணக்கில் வேர்விடும்.

திரும்ப வருமா என்றால், காரணம் திரும்பினால் வரும். மாத்திரை கூடினாலும் வரும், நின்றாலும் வரும். இரண்டும் இல்லையென்றால் வர வேண்டிய காரணமில்லை. உங்கள் மகளுக்குப் பரம்பரையாகத் தொற்றும் விஷயமும் அல்ல.

டெலிரியத்திலிருந்து மீண்டவர்களுக்கு நினைவு துண்டு துண்டாகத்தான் இருக்கும். கூரை ஆட்கள் ஞாபகம் இருக்கும், மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்காது. அந்தத் துண்டுகள் கனவில் வந்து அலைக்கழிக்கும். ‘எனக்குப் பைத்தியம்தான் போல’ என்று அவர் தனக்குள் முடிவுகட்டியிருக்கக்கூடும். சொல்ல வெட்கமாக இருக்கும். எந்த நாள் என்ன நடந்தது, யார் வந்து பார்த்தார்கள், எப்போது குழாயை எடுத்தார்கள் என்று நீங்களே வரிசையாகச் சொல்லுங்கள். மகளும் சொல்லட்டும். “அது மருந்து செஞ்ச வேலைங்க, நீங்க இல்ல” என்று ஒரு வார்த்தை போதும். பலருக்கு இந்த ஒன்றே பாதிச் சுமையை இறக்கிவிடுகிறது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது இரவுக்கு ஒரு மனநல மாத்திரை சிறிய அளவில் கொடுத்திருக்கிறார்கள். ஆயுள் முழுக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். டெலிரியத்துக்காகக் கொடுத்தது என்றால் சாதாரணமாக அப்படி இல்லை. தெளிந்தபின் குறைத்து நிறுத்துவதுதான் வழக்கம். ஆனால் அதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எதற்காக, எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நடைமுறையில் நான் பார்ப்பது என்னவென்றால், யாரும் கேட்காததாலேயே சில மாத்திரைகள் சீட்டில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன.

நீங்கள் சொல்லாமல் விட்டது

குடியை மறைத்தது மானத்துக்காக. புரிகிறது, கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் இது தினமும் நடக்கிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் அவரை ஆபத்தில் விட்டுவிட்டீர்கள் என்று சொல்லியே ஆக வேண்டும். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினாலும் இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இதே போன்ற நடுக்கம், பூச்சி தெரிதல், வலிப்பு எல்லாம் வரலாம். அதற்குக் கொடுக்க வேண்டிய மருந்து வேறு, ‘பி1’ வைட்டமின் ஊசியும் வேண்டும். உங்கள் கணவருக்கு மூன்றாம் நாள் வந்ததில் பேக்லோஃபென் நின்றதன் பங்கு எவ்வளவு, சாராயம் நின்றதன் பங்கு எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியாது. இரண்டும் சேர்ந்திருக்கலாம். பேக்லோஃபெனும் மதுவும் மூளையை ஒரே திசையில் அழுத்துபவை. அன்று இரவு அவர் குடித்திருந்தால், மாத்திரையின் வேகம் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த முறை போகும்போது சொல்லிவிடுங்கள். எத்தனை நாள், எவ்வளவு, கடைசியாக எப்போது என்பது போதும். திட்டுகிற டாக்டராக இருந்தால் திட்டட்டும், சீட்டில் எழுதிவிடுவார் அல்லவா.

இன்னொன்றும் விசாரியுங்கள். இடுப்புவலி, கால்வலி என்று மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? பேக்லோஃபெனின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் அப்படியே வெளியேறுகிறது. வலி மாத்திரைகளை நாள்கணக்கில் போட்டால் சிறுநீரகம் தளரும். தளர்ந்தால் பேக்லோஃபென் உடம்பில் தேங்கும். டாக்டர் எழுதிய அளவைத் தாண்டாமலேயே ஒருவருக்கு மருந்து மிகுந்து குழப்பம் வருவது இப்படித்தான். கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். தூக்க மாத்திரை, டிரமடால், பிரிகாபலின் போன்றவையும் பேக்லோஃபெனோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டும். வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் கொட்டுவது நல்ல வழி.

நீங்கள் கேட்காத கேள்வி

உங்கள் ஐந்து கேள்விகளில் ஒன்று இல்லை: அன்று அவர் சாக நினைத்தாரா?

“தூக்கம் வரணும்னுதான் போட்டேன்” என்பது உண்மையாகவும் இருக்கலாம். இரவெல்லாம் கால் இழுத்துத் தூங்க முடியாதவர், குடித்த நிலையில், இரண்டு போட்டும் தூக்கம் வரவில்லை என்று மேலும் மேலும் போட்டிருக்கலாம். சண்டை நடந்த இரவு, காலியான அட்டைகள், இப்போது “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்ற பேச்சு, மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பல நேரம் அவருக்கே தெளிவாகத் தெரியாது. ‘செத்தாலும் சரி, தூங்கினாலும் சரி’ என்ற நடுவாந்தர மனநிலை ஒன்று உண்டு. ஆபத்தில் அது குறைந்ததல்ல. பேக்லோஃபென் சாப்பிடுபவர்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் வந்ததை மருந்தின் எச்சரிக்கைக் குறிப்புகளே சொல்கின்றன. அவர்களில் பெரும்பாலோருக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, முன்பே ஒரு முயற்சி என்று வேறு காரணங்களும் கூடவே இருந்திருக்கின்றன. உங்கள் கணவருக்கும் அவை இருக்கின்றன.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகும் என்று பயப்படாதீர்கள். கேட்பதால் அது வருவதில்லை. மாமியார், கொழுந்தனார் இல்லாத நேரமாகப் பார்த்து, கோர்ட்டில் விசாரிப்பது போலில்லாமல், “அன்னிக்கு மாத்திரை போட்டப்போ செத்துடலாம்னு தோணுச்சாங்க? இப்பவும் தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் அழுதோ சத்தியம் வாங்கியோ பேச்சை அடைக்க வேண்டாம். “என்னையும் பொண்ணையும் நெனச்சுப் பாத்தீங்களா” என்ற வசனம் குற்றவுணர்ச்சியைத்தான் கூட்டும். கேட்டுக்கொள்ளுங்கள், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்படியிருந்தாலும் ஒரு மனநல மருத்துவர் அவரை இந்த வாரமே பார்க்க வேண்டும். மனச்சோர்வு சிகிச்சையில் தீரக்கூடியது. தண்டுவட அடிக்குப் பிறகு அது வருவதும் சகஜம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தயங்கினால் ஜிப்மர் ஒரு மணி நேரத் தூரம்தான். ராத்திரியில் மனசு கெட்டுப்போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். அவர் மட்டுமில்லை, நீங்களும் பேசலாம்.

“பிரயோஜனம் இல்லை” என்ற பேச்சுக்கு மாத்திரை மட்டும் பதிலாகாது. சம்பாதித்தவர் உட்கார்ந்துவிட்டார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தாயிற்றா என்று கடிதத்தில் இல்லை. எடுக்கவில்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அவரையே அழைத்துப்போய், அவரையே பேச விடுங்கள். உதவித்தொகை, தொழில் கடன் என்று தகுதிக்கேற்ப வழிகள் உண்டு. கிடைக்கிற தொகை பெரிதில்லாமல் இருக்கலாம். ஒரு காரியத்துக்காகச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே கிளம்புவது இப்போது அவருக்கு மருந்து மாதிரி.

மாத்திரை யார் கையில்?

“நான் என்ன குழந்தையா, அட்டையை என்கிட்ட குடு” என்று சண்டை போடுகிறார் என்கிறீர்கள். கொடுக்க வேண்டாம், இப்போதைக்கு. அதைத் தண்டனையாகச் செய்யாமல், “டாக்டர் சொல்லியிருக்காங்க, மூணு மாசத்துக்கு என்கிட்டதான் இருக்கணும்னு” என்று பழியை எங்கள்மேல் போடுங்கள். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். வேளைக்கு ஒன்றாக உங்கள் கையால் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் இருங்கள். பழைய அட்டை, மாமியாரின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை, எலி மருந்து எல்லாம் பூட்டுக்குள் போகட்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த மருந்து தீர்ந்துபோனாலும் ஆபத்து. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, தென்பெண்ணை கரை மீறியபோது, கடலூரில் பல தெருக்களிலிருந்து மெடிக்கலுக்குக்கூடப் போக முடியாமல் இருந்தது ஞாபகம் இருக்கும். எனவே ஒரு வாரக் கையிருப்பு வேண்டும், ஆனால் வீட்டில் வேண்டாம். நடந்து போகும் தூரத்தில் அம்மா வீடோ நம்பிக்கையான பக்கத்து வீடோ இருந்தால் அங்கே வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதை மறக்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரியில் எதற்காகச் சேர்த்தாலும் “இவர் பேக்லோஃபென் சாப்பிடுகிறார், நிறுத்தக் கூடாது” என்று முதல் ஆளாகச் சொல்ல வேண்டியது நீங்கள். ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள்.

உடனே 108ஐக் கூப்பிட வேண்டியவை: எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருப்பது, மூச்சு மெதுவாவது, பேச்சில் திடீர்க் குழப்பம், ஜுரத்தோடு கால் விறைப்பு கூடுவது, வலிப்பு, மாத்திரை கூடுதலாகப் போட்டிருப்பார் என்ற சந்தேகம். “தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்” என்று விடக் கூடாத மருந்து இது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம், மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

(கழுத்துவலி, இடுப்புவலிக்கு வேறு தசைத் தளர்வு மாத்திரை சாப்பிடும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லாம் ஒரே ஜாதி அல்ல. டிசானிடின் அளவு மீறினால் பிரஷரும் நாடித்துடிப்பும் இறங்கும், குழப்பமும் மாயக்காட்சிகளும் வரலாம். அதிக அளவில் நாள்பட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் பிரஷர் ஏறும். வலி மாத்திரையோடு கலந்து வரும் மாத்திரைகளில் பாரசிட்டமால் இருந்தால் கல்லீரலுக்கும் ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று வாங்கிப் போடாதீர்கள்.)

போலீஸ், மேல்மலையனூர்

கொழுந்தனாரின் பயம் பழைய சட்டத்தைச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீசுக்குத் தகவல் தரும் மருத்துவ-சட்டப் பதிவு) பதிவு செய்வது நடைமுறை. போலீஸ்காரர் வந்து வாக்குமூலம் வாங்கியிருக்கலாம், அதுவும் நடைமுறைதான். 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமை ஆக்குகிறது. தண்டனைக்கு இடம் தந்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லவே இல்லை. அரசு ஊழியரை மிரட்டித் தடுப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் தனிக் குற்றம். அதற்கும் உங்கள் வீட்டுக்கும் சம்பந்தமில்லை. மனநலச் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காப்பதும் சட்டப்படி மருத்துவர்களின் கடமை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு மகளின் படிப்பிலோ வேலையிலோ குறுக்கே வராது.

மாமியாரோடு சண்டை போடாதீர்கள். மகனைப் பிணமாகக் கண்டு, எழுந்து பேசக் கண்டு, மறுபடி பேய் பிடித்தவனாகக் கண்டவர் அவர். வேறு எப்படி விளங்கிக்கொள்வார்? கோயிலுக்குப் போகலாம். ஆனால் அமாவாசை இரவுக் கூட்டத்தில் கம்பு ஊன்றுபவரை நிறுத்தாதீர்கள், வேறொரு நாள் பகலில் போங்கள். மாத்திரைகளைக் கையோடு எடுத்துப்போய் வேளைக்குக் கொடுங்கள். பட்டினி, விரதம், நாட்டு மருந்து, புகை, அடி, சங்கிலி எதற்கும் சம்மதிக்க வேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் கருகியதை நாம் மறக்க முடியாது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை இப்போது சட்டமே தடுக்கிறது. “சாமிகிட்ட வேண்டிக்கலாம் அத்தை, மாத்திரையும் குடுக்கலாம்” என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மகளைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், அப்பா பக்கத்திலேயே போவதில்லை என்று. பத்தாவது படிக்கிற பெண். போர்வையில் பூச்சி பொறுக்கிய அப்பாவை நேரில் பார்த்தவள். ‘வயித்து வலி’ என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள், அவள் அதை நம்பியிருக்க மாட்டாள். மாத்திரை அதிகமாகிவிட்டது, அதனால்தான் அப்படிப் பேசினார், இப்போது சரியாகிவருகிறார் என்ற அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். சண்டை நடந்த இரவில் தான் ஏதோ சொன்னதால்தான் அப்பா இப்படிச் செய்தார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாளா என்றும் கேட்டுவிடுங்கள். அப்படி இருந்தால், கணவரைக் காட்டப் போகும் நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.